குழாய் அக்கா யார் பக்கம்?

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அக்காவின் கை முதலில் குழாயைத்தான் திறக்கும். வீட்டுக்காரர் "வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் சமையலறையிலும் குளியலறையிலும் தண்ணீர் கொட்டத் தொடங்கியிருக்கும். அக்கா நடுக்கூடத்தில் நின்று, தலையைச் சாய்த்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் அழுதுவிட்டு முகம் கழுவப் போனவர், பழக்க தோஷத்தில் அங்கேயும் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். "மேல் தொட்டியில அடைப்பு இருக்குங்க, சீக்கிரம் பாத்துருங்க" என்று இறந்தவரின் மகனிடம் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி அழ ஆரம்பித்தார்.

வீடு வாங்கவும் விற்கவும் உதவும் தரகர் அவர். வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் 'குழாய் அக்கா'. தோளில் தொங்கும் பையில் அளவு டேப்பும் டார்ச்சும் ஒரு கோலிக்குண்டும் எப்போதும் இருக்கும். குண்டைத் தரையில் வைத்து விடுவார். அது ஓடினால் தரை சாய்ந்திருக்கிறது. "வீட்டுக்காரர் ஆயிரம் பேசுவார். குண்டுக்கு வீட்டுக்காரர் யாருன்னு தெரியாதுல்ல?" என்பார். மனிதர்களைக்கூட அவர் வீடாகத்தான் பார்ப்பார். மகளுக்கு வந்த வரனைப் பார்த்துவிட்டு, "பையன் நல்ல வெளிச்சம்தான். காத்தோட்டம்தான் பத்தல" என்று சொல்லி அந்தச் சம்பந்தத்தையே தட்டிவிட்டவர்.

விற்கிறவர்களிடம் அவர் பேசும் விதம் வேறு. "சுவத்துல இருக்குற குடும்பப் படத்தையெல்லாம் எறக்கிருங்க. பாக்க வர்றவங்க உங்க தாத்தாவையா வாங்கப் போறாங்க? அவங்க மூஞ்சிய அங்க மாட்டிப் பாக்கணும். அவங்க பின்னாடியே நடக்காதீங்க. ஏன் விக்கிறீங்கன்னு கேட்டா ஒரே வரியில சொல்லுங்க, கதை வேண்டாம்." வாங்குகிறவர்களிடம் குரல் தாழ்ந்துவிடும். "புதுப் பெயின்ட் வாசனை வந்தா, எதுக்கு அடிச்சீங்கன்னு கேளு. பீரோவ நகத்திப் பாரு. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசு. வெயில்ல வந்து மயங்கிடாத, மழையில ஒரு தடவ வந்து பாரு." காலையில் ஒரு பக்கம், மாலையில் மறு பக்கம். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவருக்குக் குழம்பியதில்லை.

இப்போது குழம்பிவிட்டது. ஏனென்றால் அக்கா தன் வீட்டை விற்கிறார்.

எல்லாம் அவர் கணவருக்காக. பேருந்து ஓட்டி ஊரையே சுமந்த மனிதர், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனார். ஆபரேஷன் முடிந்ததும் நாற்காலியோடு அவரைத் தூக்கி மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்தார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடம். அன்று மேலே வந்த கால்கள் பிறகு தெருவைத் தொடவே இல்லை. நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து முனையில் திரும்பும் பேருந்துகளைப் பார்ப்பார். "கியர மாத்துடா! உறுமுது பாரு!" என்று யாருக்கும் கேட்காமல் திட்டுவார். அவர் பாதம் மட்டும் தரையில் இல்லாத கிளச்சை அழுத்தும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்குத் தோன்றும்: எத்தனை பேருக்கு வாசல் திறந்துவிட்டவள், கட்டினவனுக்கு ஒரு வாசலைத் தரமுடியவில்லையே!

தரைத்தளத்தில் ஒரு வீடு அமைந்தது. ஒரு தையல்காரருடையது. இரண்டு அறைதான், ஆனால் கதவைத் திறந்தால் தெரு. அக்கா மகளோடு பார்க்கப் போனார். குழாய்களைத் திறந்தார், குண்டை உருட்டினார். அதுவரை சரி. பிறகு வாயைத் திறந்தார்.

"என்ன வெளிச்சம் பாருங்க! படியே கெடையாது. இப்படி ஒரு வீடு இனிமே வராதுங்க. விட்டா போச்சு!"

தையல்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை இழுத்து விட்டுக்கொண்டார். "அப்படியாங்க? அப்ப நான் கம்மியாச் சொல்லிட்டேன் போலருக்கே."

மகள் கையைக் கிள்ளினாள். "அம்மா! நாம வாங்க வந்திருக்கோம்மா!"

அக்கா திருதிருவென்று விழித்தார். எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி பழைய விலைக்கே இழுத்துவந்தார்கள். ஆனால் தையல்காரர் ஒரு கெடு வைத்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் நிறுத்தி வைக்கிறேங்க. அதுக்குள்ள உங்க வீடு முடியலன்னா, வேற ஆள் இருக்காங்க."

வீட்டுக்கு வந்ததும் அக்கா முதலில் கல்யாணப் படத்தை இறக்கினார். சுவரில் ஒரு வெளிறிய சதுரம் மிஞ்சியது.

"நான் இன்னும் மூச்சு விட்டுட்டுத்தான் இருக்கேன். அதுக்குள்ள எறக்கிட்டியா?" என்றார் கணவர்.

"பாக்க வர்றவங்களுக்காகங்க."

"அவங்களுக்கு என் மீசை மேல என்ன கோபம்?"

பின் அறைக்குப் போனபோதுதான் அக்காவின் கால் தயங்கியது. மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் மூலை அது. பலத்த மழை பெய்தால் சுவர் வியர்க்கும். இரண்டு முறை ஆள் விட்டுப் பூசியும் கேட்கவில்லை. மூலையில் கறை, காய்ந்த வரைபடம் போலப் பரவிக்கிடந்தது. "பீரோவ அங்க தள்ளிடலாம்மா" என்றாள் மகள். "கறைய மறைக்காதீங்க, காட்டிட்டு விலையப் பேசுங்க" என்று எத்தனை பேரிடம் அடித்துச் சொன்னவர் அக்கா! ஆனால் ஜன்னல் பக்கமிருந்து "ஹாரன் அடிடா!" என்ற குரல் கேட்டது. அக்கா பீரோவின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

மறுநாள் நல்ல வெயில். ஓர் இளம் ஜோடி வந்தது. அந்தப் பெண்ணுக்கு வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டே போனவள் பின் அறையில் நின்றுவிட்டாள்.

"இங்கதான் தொட்டில் போடணும்" என்றாள் கணவனிடம். "முடிச்சிடலாமா?"

அவ்வளவுதான். அக்காவின் நாக்கு அவரைக் கேட்காமலே புரண்டது. "அவசரப்படாதம்மா. வெயில்ல எல்லா வீடும் அழகாத்தான் இருக்கும். மழை பெய்யும்போது ஒரு தடவ வந்து பாரு."

கூடத்தில் கணவருக்குப் புரையேறியது. மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"இந்தக் காலத்துல யாருக்கா இப்படிச் சொல்லுவாங்க!" என்று அந்த இளைஞன் நெகிழ்ந்துபோனான். "மழை வரட்டும், வர்றோம்."

அவர்கள் போன பிறகுதான் அக்காவுக்குத் தான் செய்தது உறைத்தது. மழை வந்தால் அவர்கள் வருவார்கள், சுவரும் வியர்க்கும். மழை வராவிட்டால் அவர்கள் வரமாட்டார்கள், தையல்காரரின் வீடு கைநழுவிப் போகும். துணி உலர்த்தப் போனபோதெல்லாம் வானத்தைப் பார்த்தார். ஒரு மேகத்தைக் கண்டதும் சந்தோஷப்பட்டார். உடனே பின் அறைச் சுவர் நினைவுக்கு வந்தது. அது கலைந்தால் நிம்மதி. அடுத்த கணம் அழுகை.

"மழை வரணும்னு வேண்டவா, வரக்கூடாதுன்னு வேண்டவா?" என்றார் கணவர். "ஏதாவது ஒண்ணச் சொல்லு. நானும் அதையே வேண்டுறேன், சும்மாத்தான உக்காந்திருக்கேன்."

அக்கா மறுபடி வானத்தைப் பார்க்கப் போனார்.

வியாழக்கிழமை மதியம் வானம் இருண்டு, பிய்த்துக்கொண்டு ஊற்றியது. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். ஒரே குடையில் பாதி நனைந்து, சிரித்துக்கொண்டு அந்த ஜோடி நின்றது. கூரையைப் பார்த்தார்கள், ஜன்னல் விளிம்பைத் தடவினார்கள். பின் அறைச் சுவர் பளிச்சென்று இருந்தது, பீரோ மறைத்த மூலை தவிர.

"எங்கயும் ஒழுகல, பாத்தீங்களா!" என்று அந்தப் பெண் கணவனின் கையைப் பிடித்து ஆட்டினாள். மற்றொரு கை வயிற்றின் மேல் இருந்தது.

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகளின் கண்கள் 'பேசாதே' என்று கெஞ்சின. கூடத்தில் கணவர் ஜன்னலுக்கு முகம் திருப்பியிருந்தார். மழைத்திரையில் ஒரு பேருந்தும் தெரியவில்லை. ஆனாலும் பாதம் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"ஏம்மா, வந்தவங்களுக்கு டீ போடேன்" என்றார் அவர், திரும்பாமலே. அக்காவை அந்த அறையிலிருந்து காப்பாற்றத்தான் கூப்பிட்டாரா, உண்மையிலேயே டீதான் கேட்டாரா? இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் அக்காவுக்கு அது புரியவில்லை.

"அப்புறம் என்னக்கா, பேசி முடிச்சிடலாமா?" என்றான் இளைஞன். "நீங்களே சொல்லுங்க. எங்க புரோக்கரா இருந்தா இப்ப என்ன சொல்லுவீங்க?"

"நான் வீட்டுக்காரிப்பா."

"சரி, வீட்டுக்காரியாவே சொல்லுங்க."

அக்கா சமையலறைப் பக்கம் ஓரடி வைத்தார். பிறகு திரும்பி வந்து, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பீரோவில் தோளைக் கொடுத்தார்.

"நான் யாருன்னு எனக்கே தெரியலப்பா," என்றார் மூச்சு வாங்க. "நீ அந்தப் பக்கம் ஒரு கை பிடி."