தெரசா தொடாத வரி

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கம்பெனி குழுவில் எங்கள் மேனேஜர் போட்டிருந்தார்: ‘நமது முன்னாள் ஊழியர் திருமதி தெரசா இன்று காலை காலமானார். ஆழ்ந்த இரங்கல்.’ அதற்குக் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அதில் பாதிப் பேர் அவரைப் பார்த்ததே இல்லை. பார்த்தவர்களில் ஒருவர் அவரை வெளியே அனுப்பியவர். இன்னொருவன் நான். நானும் ஒரு கூப்பிய கையைப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு இது ஒன்றே போதும்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுகிறார்கள். அவருடைய கணவர் ஆரோக்கியம் என்னைக் கூப்பிட்டு, “நீங்க ஒண்ணா வேலை பாத்தவங்க. அவளப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க” என்றார். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. ஆகவே எழுதுகிறேன். நாலு வரியில் முடியாது.

பீளமேட்டில் எங்கள் கம்பெனி. தறி மெஷின்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்கிறோம். பெட்டிக்குள் ஒரு சிறு கணினி. அதில் ஓடுவது யூனிக்ஸ் மாதிரியில் நாங்களே கட்டிய இயங்குதளம். அதன் மையமான கெர்னலுக்கு, தன்னோடு என்னென்ன கருவிகள் இணைந்திருக்கின்றன என்று தானாகத் தெரியாது. நாம்தான் ஒரு ஃபைலில் வரி வரியாக எழுதித் தர வேண்டும்: இன்ன மின்சுற்றுக் கார்டு, இன்ன முகவரியில் இருக்கிறது என்று. பெட்டியை ஆன் செய்ததும் கெர்னல் அந்தப் பட்டியலைப் பார்த்து, வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல ஒவ்வொன்றாகக் கூப்பிடும். பதில் சொல்லும் கருவியைச் சேர்த்துக்கொள்ளும். சொல்லாததை விட்டுவிட்டு அடுத்ததைக் கூப்பிடும். அந்த ஃபைலுக்குப் பொறுப்பு தெரசா.

சேர்ந்த முதல் மாதம், கையேட்டைப் பார்த்து ஒரு கார்டுக்கு நான் வரி எழுதினேன். தெரசா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். “ஏனுங்க சண்முகம், இந்த முகவரி எங்கிருந்து வந்துச்சு?”

“புக்குல இருக்குதுங்க.”

“புக்குல இருக்குது. பொட்டிக்குள்ள இருக்குதுங்களா?”

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அவர் மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டுத் தான் தப்பிக்கிற ஆளில்லை. ஒரு வரி எழுதுவதற்கு முன் பஸ் பிடித்து அந்த ஆலைக்கே போவார். பெட்டியின் மூடியைத் திறந்து, கார்டைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுவார். வரியின் ஓரத்தில் எந்த ஆலை, எந்த மெஷின் என்று குறித்து, ‘ஆர்.டி.’ என்று இனிஷியல் போடுவார். என்னையும் போடவைத்தார். ஒரு வரியைத் தொட்டால் தொட்டவர் பழைய இனிஷியலை எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போட வேண்டும். யார் எப்போது மாற்றினார் என்று தானே குறித்துக்கொள்ளும் மென்பொருள் அப்போது எங்களிடம் இல்லை. அந்த இரண்டு எழுத்துதான் சாட்சி.

சென்னிமலைப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில், இல்லாத கருவி ஒன்று இருப்பதாகக் கெர்னல் அடம்பிடித்தது. நான் மூன்று நாள் ஃபைலோடு மல்லுக்கட்டினேன். நான்காம் நாள் தெரசா நேரில் போனார். கார்டின் இணைப்பு முள் வரிசைக்குக் குறுக்கே ஒரு பல்லி கருகிக் கிடந்ததாம். திரும்பி வந்து அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதினார்: ‘பல்லி அகற்றப்பட்டது. ஆர்.டி.’ இன்றைக்கும் அந்தக் குறிப்பு ஃபைலில் இருக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எழுதியவர் யாரென்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

இனி வருவதை எழுதத்தான் எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

தறிக்குள் கை போனால் மெஷினை நிறுத்தும் சென்சார் கார்டு ஒன்று உண்டு. அதன் வரியில் மட்டும் தெரசா ‘கட்டாயம்’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தார். அந்தச் சொல் இருந்தால், கார்டு பதில் சொல்லும்வரை கெர்னல் காத்திருக்கும். சொல்லாவிட்டால் மெஷினை ஓடவிடாது. வோல்டேஜ் குறைந்த காலைகளில் அந்தக் கார்டு மிகவும் மெதுவாகப் பதில் சொல்லும். ஆலைக்காரர்கள் திட்டுவார்கள். தெரசா அசையமாட்டார். “சிலது மெதுவாத்தானுங்க பதில் சொல்லும். காத்திருக்கோணும்” என்பார்.

ஒரு நாள் பல்லடம் பக்கத்து நெசவாலை ஒன்றிலிருந்து போன்மேல் போன். மெஷின் கிளம்பவில்லை. தெரசா வேறொரு பெட்டியைப் பார்க்கப் பொள்ளாச்சி போயிருந்தார். மேனேஜர் என் மேசைக்கு வந்து, “எப்படியாச்சும் ஓட வெச்சுப்போடுங்க” என்றார். எப்படி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஃபைலைத் திறந்து ‘கட்டாயம்’ என்ற சொல்லை எடுத்து அனுப்பினேன். மெஷின் ஓடியது. மேனேஜர் என் தோளைத் தட்டினார்.

ஓரத்தில் ‘ஆர்.டி.’ அப்படியே இருந்தது. மாற்ற மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. என் இனிஷியலைப் பார்த்தால் திரும்பி வந்ததும் தெரசா கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் விட்டேன்.

ஒன்பதாம் நாள் அந்தத் தறியில் கவிதா என்ற பெண்ணுக்கு இரண்டு விரல் போனது. சென்சார் கார்டு அன்று காலை பதில் சொல்லவே இல்லை. கெர்னல் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தது.

விசாரணை எங்கள் மீட்டிங் அறையில் நடந்தது. மேனேஜர் அந்த வரியை அச்செடுத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “இது உங்க இனிஷியல்தானுங்களே?”

தெரசா காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இனிஷியல் என்னுதுங்க. வரி என்னுது இல்லீங்க.”

“அப்ப யாருதுங்க?”

அந்த ஃபைலின் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். தெரசா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் பாட்டிலின் லேபிளை உரித்துக்கொண்டிருந்தேன். “தொட்டவங்க சொல்லுவாங்க” என்றார் அவர்.

தொட்டவன் சொல்லவில்லை. மேனேஜருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவருக்குக் காகிதத்தில் இருந்த இரண்டு எழுத்து போதுமானதாக இருந்தது. அந்த வாரமே தெரசா மேசையைக் காலி செய்தார். போகும்போது என்னிடம், “வாரேனுங்க சண்முகம்” என்றார். ஒரு கோபமும் இல்லாமல் சொன்னார். இரண்டு அறை அறைந்திருக்கலாம். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. அதற்கடுத்துப் பதவியும் வந்தது. வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் அவருக்கு வேறெந்தக் கம்பெனியும் கதவு திறக்கவில்லை. கோவையில் எங்கள் தொழில் சின்ன வட்டம். பேச்சு எல்லா இடத்துக்கும் அவருக்கு முன்னாலேயே போய்விட்டது. கடைசிவரை ஒரு மிஷன் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தார். கெர்னலுக்குப் பட்டியல் எழுதிய கை, தட்டச்சுப் பயிற்சித் தாள் திருத்தியது.

ஒரே ஒரு முறை பார்த்தேன், காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில். ஒளிந்துகொள்ளலாம் என்று திரும்புவதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார். என் குழந்தைகளை விசாரித்தார். பிறகு கேட்டார், “அந்தக் கவிதாப் புள்ளையப் போய்ப் பாத்தீங்களா?”

நான் பார்த்ததில்லை.

“நான் மாசம் ஒருக்கா போறனுங்க. இடது கையில எழுதப் பழகிட்டா. நீங்களும் ஒரு நாளைக்குப் போய்ட்டு வாங்க.” அவருடைய பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் இன்றுவரை போகவில்லை.

துக்கம் விசாரிக்கப் போனபோது ஆரோக்கியம் ஒரு தடித்த ஃபைலை எடுத்து வந்தார். “எனக்கு ஒண்ணும் புரியலீங்க. தூக்கிப் போட மனசு வரல. உங்களுக்குத்தான் புரியும்.” தெரசா தன் பட்டியலின் அச்சுப் பிரதியை வீட்டில் வைத்திருந்தார். பக்கம் புரட்டினேன். பல்லி இருந்தது. அடுத்த பக்கத்தில் அந்த வரி, மீட்டிங் அறையில் வைத்த அதே காகிதம், ஒட்டப்பட்டிருந்தது. ‘ஆர்.டி.’யைப் பென்சிலால் அடித்திருந்தார். பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போட்டு, காலியாக விட்டிருந்தார். அதன் கீழே அவருடைய எழுத்து: ‘நான் கண்ணால் பார்க்கவில்லை. தொட்டவங்க போடட்டும்.’

பெட்டியைத் திறந்து பார்க்காமல் வரி எழுதாதவர், என் பெயரையும் எழுதவில்லை. யாரும் பார்க்காத தன் வீட்டுக் காகிதத்தில்கூட எழுதவில்லை. பன்னிரண்டு வருடம் அந்தக் கட்டம் எனக்காகக் காலியாகவே இருந்திருக்கிறது.

அங்கேயே ஆரோக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவர், “எங்கிட்ட சொல்லி என்னங்க பிரயோசனம்? எழுதுங்க” என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். காபி வரவில்லை, வரக்கூடாதுதான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். கட்டம் சின்னது, என் இரண்டு எழுத்துக்குச் சரியாக இருந்தது.

இதனால் யாருக்கும் எதுவும் திரும்பிவரப் போவதில்லை. கவிதாவின் விரலும் வராது, தெரசாவின் வேலையும் வராது. கம்பெனி ஃபைலிலும் அந்த வரியில் ‘ஆர்.டி.’யை எடுத்துவிட்டு என் இனிஷியலை நேற்று போட்டுவிட்டேன். மேனேஜர் என்ன செய்வாரோ, செய்யட்டும். நாளைக் காலை பல்லடம் பஸ் ஏறுகிறேன்.

போய் வாருங்கள், தெரசா. அந்த வரி உங்களுடையது இல்லை. தொட்டது நான்.

கே.எஸ்.