தேடினா மொதல்ல வர்ற குரல்

பனியன் கம்பெனியில மைக் என்கிட்டத்தான் இருந்துச்சு. பதினாலு வருசம். ஆபீஸ்ல உக்காந்து பைல் பாக்கறதுதான் வேலை. ஆனா கட்டிங் செக்சன் ஆளை ஸ்டோருக்குக் கூப்பிடறது, துணி வாங்கற வெளிநாட்டு பையர் வர்ற அன்னைக்கு எல்லாரையும் மாஸ்க் போடச் சொல்றது, தீ விபத்து ஒத்திகைன்னா ஆயிரம் பேரைப் படியில எறக்கறது, அத்தனையும் நாந்தான். மைக்கைப் பிடிச்சா எனக்குப் பேச்சே மாறிப்போயிரும். ஏனுங், வாங், போங்னு இழுக்கற பேச்சு எங்கயோ ஓடிப்போயி, செய்தி வாசிக்கறவங்களாட்டம் சுத்தமா வரும். எப்படி வந்துச்சுன்னு கேட்டா எனக்கே தெரியாதுங்க.

ஆட்டோவுல மைக் கட்டி விளம்பரம் ஓட்டற ஸ்டூடியோக்காரர் ஒருத்தர் கம்பெனிக்கு வந்தப்ப அந்தக் குரலைக் கேட்டுட்டு, "ரெண்டு லைன் பேசித் தர்றீங்களா"ன்னு கேட்டாரு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போயிப் பேசிக் குடுத்தேன். ஒரு நாள் திருப்பூர் நெருப்பெரிச்சல் ரோட்டுல காய் வாங்கிட்டு இருக்கேன், என்னோட குரல் ஆட்டோவுல போகுது. டெய்லர் தேவைன்னு ஊரையே கூப்பிட்டுட்டுப் போகுது. பக்கத்துல நின்ன பொம்பளைகிட்ட, "அது நாந்தானுங்க"ன்னு சொல்ல வாயெடுத்தேன். அவங்க தக்காளியைப் பாத்துட்டு இருந்தாங்க. விட்டுட்டேன்.

அன்னைக்குப் பிடிச்ச பைத்தியந்தான். வேலையை விட்டேன். மேனேஜர் நல்ல மனுசன். "ஒரு வருசம் பாருங்க. ஆகலைன்னா வந்துருங்க, சேர் காலியாத்தான் இருக்கும்"னாரு. எனக்கு அப்ப நாப்பத்தி ரெண்டு வயசு. கல்யாணம் ஆகலை. ஏன் ஆகலைன்னு இங்க நான் சொல்லப்போறதில்லை, கேக்கறவங்க கேட்டுட்டே இருக்கட்டும். அம்மா போயி ரெண்டு வருசம் ஆச்சு. அண்ணன் கொமரலிங்கத்துல இருக்காரு, பொங்கலுக்குக் கூப்பிடுவாரு. எனக்கு வேண்டியிருந்தது ஒண்ணுதான். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், என்னைத் தேடிக் கண்டுபிடிச்சுக் கூப்பிடோணும்.

எங்க ஊடு ஒரே ரூமு. மாடியில தையல் யூனிட். மெசின் சத்தம் ஒரு பக்கம், ஸ்பீக்கர்ல பாட்டு ஒரு பக்கம். காலையில பதினோரு மணிக்கு டீ விட்டாத்தான் ரெண்டும் நிக்கும். அந்தக் கால் மணி நேரத்துலதான் நான் பேசிப் பதியோணும். கட்டிங் வேஸ்ட் துணி மூட்டை எட்டு வாங்கி, கட்டிலைச் சுத்தி அடுக்கி, நடுவுல நான். பனியன் துணிக்கு எக்கோ வராது. அதுக்குள்ள உக்காந்து நகைக்கடை, பள்ளிக்கூடம், பல் டாக்டர்னு இல்லாத விளம்பரத்துக்கெல்லாம் பேசிப் பழகுவேன். மேல விசில் அடிச்சதும் மெசின் ஓட ஆரம்பிச்சுரும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தை பேச ஆளிருக்காது. பால்காரர்கிட்ட வேணும்னே ரெண்டு வார்த்தை ஜாஸ்தி பேசுவேன். வெக்கமாத்தான் இருக்கும், என்ன பண்ணச் சொல்றீங்க?

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வெப்சைட் பண்ணித் தர்றவர் ஒருத்தர் இருந்தாரு. என்னோட குரலை ஏத்தி ஒரு பக்கம் பண்ணிக் குடுத்தாரு. மாசம் ஒண்ணாச்சு, ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கலை. போயிச் சண்டை போட்டேன்.

"அக்கா, நெட்ல தேடற மெசினுக்குக் காது இல்லீங்க. அது எழுத்தைத்தான் படிக்கும்"னாரு. "நீங்க பேசுன விளம்பரத்தையெல்லாம் அப்படியே டைப் பண்ணி ஒவ்வொண்ணுக்கும் கீழ போட்டு விடுங்க. கடைசியில நம்பரைப் போடுங்க. மேல வருதா இல்லையான்னு பாருங்க."

நான் காசுக்குப் பேசுனது முக்காவாசி என்ன? ஆள் தேவை விளம்பரந்தான். உக்காந்து எழுத்தெழுத்தா டைப் பண்ணுனேன். பவர்டேபிள் டெய்லர், ஓவர்லாக் டெய்லர், செக்கிங், அயர்னிங் ஆட்கள் உடனடியாகத் தேவை. ஆண், பெண் இருபாலரும் வரலாம். தங்குமிடம் இலவசம். வாரச் சம்பளம். அடியில என்னோட நம்பரு. திருப்பூர்க்காரி புத்தியைப் பாருங்க, ஊரெல்லாம் கேக்கற விளம்பரத்தை என்னோட பேருல போட்டு வெச்சிருக்கேன்னு தோணவே இல்லை.

மேல வந்துச்சுங்க. நெம்ப நல்லா வந்துச்சு. திருப்பூர்ல வேலைன்னு எவன் தேடினாலும் மொத ஆளா நான் நின்னேன். போன் அடிக்க ஆரம்பிச்சுது. மொதல் போனை ஓடிப்போயி எடுத்தேன்.

"மேடம், ஓவர்லாக் வேலை இருக்குங்களா?"

தேனியில இருந்து கூப்பிட்டாங்க. திருவண்ணாமலையில இருந்து கூப்பிட்டாங்க. இந்தியில கூப்பிட்டாங்க. "ரூமுக்கு ஃபேன் உண்டா"ன்னு கேட்டாங்க. "இது கம்பெனி இல்லீங்க, நான் குரல் குடுக்கறவ"ன்னு சொன்னா, "சரிங்க மேடம், எப்ப வந்து சேரட்டும்"னு கேட்டாங்க. அட கருமமே! ஒருத்தராவது அந்தப் பட்டனை அமுத்தி நான் பேசறதைக் கேட்டாங்களா? இல்லை. எழுத்தைப் படிச்சாங்க, நம்பரைப் போட்டாங்க. ரெண்டு வாரம் நாய் மாதிரி எல்லார் மேலயும் விழுந்தேன்.

அப்படி விழுந்ததுல ஒருத்தி மட்டும் போனை வெக்கலை. கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. பவர்டேபிள் டெய்லரு. நான் கத்தி முடிச்சதும், "எக்கா, நீங்க இன்னும் சாப்பிடலியோ? இவ்ளோ கோவம் வருதே"ன்னா.

நெசமாவே நான் சாப்பிடலை. மணி மூணு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அழுகையும் வந்துச்சு, அதையும் சொல்லிப்போடறேன். அவளுக்கு ரெண்டு புள்ளைங்க, அவ அம்மாகிட்ட விட்டுட்டு வர்றதா இருந்தா. எங்க பழைய மேனேஜருக்குத் தெரிஞ்ச கம்பெனி ஒண்ணு காங்கயம் ரோட்டுல இருந்துச்சு. கேட்டுச் சொன்னேன். வந்து சேந்துட்டா. அதுக்கப்புறம் தெனமும் அவளுக்குச் சாப்பாட்டு நேரத்துல ஒரு போனு. "எக்கா, சாப்ட்டியளா?" அம்மா போனதுக்கப்புறம் என்னை அதைக் கேட்ட ஆள் அவதான். அவ கேப்பான்னே ஒரு மணிக்குள்ள நான் சோறாக்கி வெச்சுருவேன்.

மத்தவங்களையும் திட்டறதை விட்டேன். இன்ன கம்பெனியில ஆள் எடுக்கறாங்க, இன்னார்கிட்ட கேளுங்கன்னு சொல்லுவேன். ஆனா அவங்க ஒரு தடவையோட சரி. இவ மட்டும் விடலை.

என்ன தொழில் பண்றேன்னு அவகிட்டச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. "ஏனுங், வாங்னு இழுத்துட்டு, நீங்களாக்கா விளம்பரத்துல பேசுதீய? யாரு கேப்பா?"

"கேளு, நெட்ல இருக்குது"ன்னேன்.

"எனக்கு டேட்டா இல்லக்கா. உங்க ஊட்டுக்கு வந்து நேர்ல கேக்கேன்."

"வா கண்ணு, ஒரு ஞாயித்துக்கிழமை வா"ன்னு சொன்னேன். சொன்னதோட சரி. கட்டிலைச் சுத்தி வேஸ்ட் மூட்டை. உக்கார ஒரு சேர் இல்லை. ஊட்டுக்கு ஆளு வந்தே நாளாச்சு. சுத்தம் பண்ணிப்போட்டுக் கூப்பிடலாம், அடுத்த வாரம் கூப்பிடலாம்னு தள்ளிட்டே போனேன். அவளுக்கும் கம்பெனி ஆஸ்டல்ல இருந்து வெளிய விடறது ஞாயித்துக்கிழமை நாலு மணி நேரம். அதுல துணி தொவைக்கவே சரியாப் போயிரும்.

மேனேஜர் சொன்ன வருசம் முடிய ஒரு மாசம் இருக்கறப்ப கோயமுத்தூர்ல இருந்து ஒரு போன் வந்துச்சு. விளம்பரக் கம்பெனிக்காரர். நெட்ல தேடி, பட்டனை அமுத்தி, கேட்டுட்டுக் கூப்பிடறாரு!

"ஆமாங்க, சொல்லுங்க, நாந்தானுங்க"ன்னேன்.

"அந்த வாய்ஸ் ஆர்ட்டிஸ்ட் மேடம்கிட்ட குடுங்கம்மா."

"நாந்தானுங்க அது."

"அம்மா, வெளையாடாதீங்க. சாம்பிள்ல பேசுனாங்க பாருங்க, அவங்ககிட்ட குடுங்க."

ஒரு நிமிசம் அடக்கியிருந்தா என்ன? அதுதான் எனக்கு வராதே. "அடப் போய்யா, நாந்தான்னு சொல்றேன், காது என்ன அடைச்சுக்கிச்சா"ன்னுட்டேன். டக்குன்னு வெச்சுட்டாரு. ஒரு வருசமாக் காத்திருந்த மொதல் ஆளை நானே வெரட்டி விட்டுட்டு, மூட்டைக்கு நடுவுல உக்காந்து அழுதேன்.

வெப்சைட்காரர் கேட்டுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாரு. "அக்கா, அவங்க தேடி வர்றது அந்தக் குரலை. போனை எடுத்ததும் அதுதான் பேசோணும். ஊட்டுப் பேச்சை உள்ள வெச்சுக்கங்க." ஆள் தேவை விளம்பரத்தையெல்லாம் எடுத்துப்போட்டு, நகைக்கடையையும் பள்ளிக்கூடத்தையும் மேல ஏத்துனாரு.

அன்னையில இருந்து தெரியாத நம்பர் வந்தா, தொண்டையைச் செருமி, நிமுந்து உக்காந்து, "வணக்கம். தமிழ்க் குரல் பதிவுச் சேவை. சொல்லுங்கள், உங்களுக்கு எப்படி உதவலாம்?" வேலை தேடறவங்க கொஞ்சங் கொஞ்சமா நின்னு போனாங்க. குரல் தேடறவங்க வந்தாங்க. சோமனூர்ல ஒரு ஜவுளிக்கடை, கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரி, சென்னையில ஏதோ செல்போன் ஆப். மேனேஜருக்குப் போன் பண்ணி, "சேருக்கு ஆள் போட்டுக்குங்க சார்"னு சொன்னேன். அதைச் சொல்றப்ப எவ்வளவு பெருமை தெரியுமா! நெட்ல தேடறதால வேலை வருமான்னு இப்ப யாராவது கேட்டா, வரும்ங்க, நல்லாவே வரும்னுதான் சொல்லுவேன்.

அந்தச் சந்தோசத்தை நான் சொன்னது அவ ஒருத்திகிட்டத்தான். "அப்ப எனக்குப் பிரியாணி. இந்த ஞாயித்துக்கிழமை வாரேன்"னா. அந்த ஞாயித்துக்கிழமைன்னு பாத்து ஆஸ்பத்திரிக்குப் பேசிக் குடுக்கோணும். ஞாயித்துக்கிழமையும் ஓடற யூனிட் அன்னைக்கு லீவு, நாள் பூரா சத்தமிருக்காது, அப்படி நாள் எனக்குக் கெடைக்கறதே அபூர்வம். "அடுத்த வாரம் வா கண்ணு"ன்னேன். "சரிக்கா"ன்னா. குரல் சித்தெ எறங்கிப்போச்சு. எனக்கு அது கேட்டுச்சு. குரலை வெச்சுப் பொழைக்கறவ, எனக்குக் கேக்காதா? கேட்டும் விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் அவ கூப்பிடலை. நான் போட்டா ஸ்விட்ச் ஆஃப். கோவமா இருப்பா, ஓவர் டைம் ஓடுதோ என்னமோன்னு பத்து நாள் என்னையே சமாதானம் பண்ணிட்டு இருந்தேன். ஒரு மணிக்குச் சோறாக்கறதும் நின்னு போச்சு.

பதினோராவது நாளு, டீ நேரம், சுத்தி அமைதி. மைக் முன்னால உக்காந்திருக்கேன். ஒரு புது நம்பரு.

"வணக்கம். தமிழ்க் குரல் பதிவுச் சேவை."

அந்தப் பக்கம் ஒரே எரைச்சல். பஸ் ஆரன் சத்தம். அப்புறம், "எக்கா?"

அவதான். தெரிஞ்சுருச்சு. தெரிஞ்ச அந்த நொடியில ஏனுங் கண்ணு, எங்க போன நீன்னு வந்திருக்கோணுமில்ல? வாய் வரலைங்க. ஆரம்பிச்ச குரலு, அதுபாட்டுக்கு ஓடுது. "சொல்லுங்கள், உங்களுக்கு எப்படி உதவலாம்?"

அவ போனைக் காதுல இருந்து எடுத்து யார்கிட்டயோ சொன்னது கேட்டுச்சு. "அக்கா இல்ல. ஏதோ ரெக்கார்டு பேசுது." வெச்சுட்டா.

திருப்பிப் போட்டேன். மூணாவது தடவை ஒரு வடக்கத்தி ஆளு எடுத்தாரு. கம்பெனியில கத்துக்கிட்ட அரைகுறை இந்தியில, "அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க, குடுங்க"ன்னு கெஞ்சுனேன். அவரு பஸ் ஸ்டாண்டுல நிக்கறாராம். அந்தப் பொண்ணோட போன் தொலைஞ்சுபோச்சாம், ஒரே ஒரு போன் பண்ணிக்கறேன்னு அவர்கிட்ட வாங்கிப் பேசுச்சாம். கையில பெரிய பையி. பஸ் வந்துச்சு, ஏறிப்போயிருச்சு. "தீதி சலீ கயீ"ன்னாரு. அக்கா போயிட்டாங்க.

எந்திரிச்சுச் செருப்பு மாட்டுனேன். மாட்டிட்டு அப்படியே நின்னேன். எந்த பஸ்ஸுன்னு தெரியாது. அதைவிட, அவ பாக்க எப்படி இருப்பான்னே எனக்குத் தெரியாதே. பின்னால கம்பெனியில விசாரிச்சதுல, சின்னப் புள்ளைக்கு ஒடம்பு சரியில்லைன்னு கணக்கு முடிச்சுட்டு ஊருக்கே போயிட்டதாச் சொன்னாங்க. ஊர்ல எந்த நம்பருன்னு அவங்களுக்கும் தெரியலை.

மேல விசில் அடிச்சு மெசின் ஓட ஆரம்பிச்சுது. செருப்போட கட்டில்ல உக்காந்து, ஏனுங் கண்ணு, நாந்தாங் கண்ணுன்னு கையில இருந்த போன்கிட்டச் சொல்லிட்டே இருந்தேன். அது மறுபடியும் அடிச்சுது. அவதான்னு எடுத்தேன். "ஹலோ, வாய்ஸ் ஓவர் மேடமா?"ன்னு ஒரு ஆம்பளைக் குரல். கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன். நிமுந்து உக்காந்தேன்.

"வணக்கம். சொல்லுங்கள், உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"சூப்பர் மேடம்"னாரு அவரு. "சாம்பிள்ல கேட்ட மாதிரியே இருக்கீங்க."