வயிற்றுப் பக்கத் தோல்

போன வருடம், வெயில் ஏற ஆரம்பித்த சமயம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது, மூன்று மாதம் லீவு போட்டு உடற்பயிற்சி செய்யுங்கள், சரியாகாவிட்டால் ஆபரேஷன் என்றார் வேலூர் டாக்டர். எனக்கு வலியைவிட பயம்தான் பெரிதாக இருந்தது. ஆபரேஷன் என்று படுத்துவிட்டால் என் மேசைக்கு வேறு ஆள் வந்துவிடுவாரே!

பிசியோதெரபி பெண் முழங்காலில் மாட்டிக்கொள்ள ஒரு ரப்பர் பட்டை கொடுத்தார். அதில் சின்னதாக ஒரு சென்சார். காலை அளவுக்கு மீறி மடக்கினால், முட்டி உள்பக்கம் சாய்ந்தால், கீகீ என்று கத்தும். எவ்வளவு மடக்கினோம் என்பது செல்போனில் பதிவாகும்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பயிற்சியையும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரிதான் செய்தேன். அது விடாமல் கத்தியது. "இன்னா, உங்க அம்மாவே திரும்பி வந்துட்டாங்க போல" என்று மனைவி சிரிப்பாள். எனக்கோ ஒரே பேஜார். ஒவ்வொரு கத்தலும் 'உனக்கு ஆபரேஷன்தான்' என்று சொல்வது போலவே இருக்கும்.

வெயிலில் ரப்பர் அரிக்கவும் செய்தது. ஒருநாள் சென்சாரைக் கழற்றி, வீட்டில் கிடந்த துண்டுத் தோல்களில் மெத்தென்று ஒன்றை எடுத்து நானே ஒரு பட்டை தைத்து, சென்சாரை அதில் பொருத்திவிட்டேன். தையல் அவ்வளவு நேர்த்தி. மனைவியிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

சில நாளில் கத்தல் குறைந்து, நின்றே போனது. செல்போனில் எல்லாம் பச்சை. குணமாகிவிட்டது என்று குதூகலித்து, திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன் என்று மேனேஜருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மாடிப்படி ஏறி இறங்கிப் பார்த்தேன். வலித்தது. மெஷினே பேசாமல் இருக்கிறது, நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

டாக்டரிடம் காட்டக் கிளம்பிய அன்று காலை, ரயில் நிலைய மேம்பாலப் படியில் இறங்கும்போது முட்டி சட்டென்று மடங்கிவிட்டது. கைப்பிடிக் கம்பி அகப்படாமல் போயிருந்தால் தலைகுப்புற விழுந்திருப்பேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே என் வண்டி வந்து, நின்று, போயும் விட்டது. பட்டை ஒரு சத்தம் போடவில்லை.

அடுத்த வண்டியில் காட்பாடியில் இறங்கி, வேலூர் போய்ச் சேர்வதற்குள் முட்டி வீங்கிவிட்டது. பிசியோதெரபி பெண் என் செல்போனைப் பார்த்தார். "இதுல பார்த்தா நீங்க ரொம்ப நாளா எங்கயும் உட்காரவே இல்லையே சார்?" என்றார். பேன்ட்டை மடித்துவிட்டுப் பார்த்தால், பட்டை தொளதொளவென்று கெண்டைக்காலில் இறங்கிக் கிடந்தது. "ஏன் சார், தோலு இழுபட்டுத் தளர்ந்துடுமா?" என்று கேட்டார்.

என்னைப் போய் இந்தக் கேள்வி! மாட்டின் வயிற்றுப் பக்கத் தோல் இழுபட்டுத் தளர்ந்துவிடும், ஷூவின் முன்பக்கத்துக்கு அதை வெட்டாதே என்று வேலைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் கத்துகிறவன் நான். மெத்தென்று இருக்கிறதே என்று நான் எடுத்த துண்டு அதே வயிற்றுப் பக்கம்தான். வியர்வையில் ஊறி ஊறி இழுபட்டுவிட்டது. சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"தெரியாம இல்லம்மா. அந்தச் சத்தம் நின்னா போதும்னு இருந்துச்சு" என்றேன்.

ஆபரேஷனைப் பிறகு பார்க்கலாம், வீக்கம் வடிந்ததும் பயிற்சியை முதலிலிருந்து தொடங்குங்கள் என்றார் டாக்டர். மேனேஜருக்கு மறுபடி போன் செய்து, இப்போதைக்கு வர முடியாது என்றேன். நல்லவேளை, மேசை போகவில்லை. இப்போது அரை நாள் போகிறேன், உயரமான ஸ்டூலில் சாய்ந்தபடி வெட்டுகிறேன். ஆபரேஷன் உண்டா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை.

காலில் இருப்பது பழைய ரப்பர் பட்டைதான். அது கத்தினால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. ஆனால் ரொம்ப நேரம் சத்தமே இல்லாமல் போனால், கைவேலையைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்க்கிறேன், தேறியிருப்பது முட்டியா, தளர்ந்திருப்பது பட்டையா என்று.