பெயர் சொல்லாத உத்தரவு

தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று ஈப்போவில் என் பெயர் எழுதிய லோரிகள் ஓடுகின்றன. இன்ஜினைக் காதால் கேட்டே நோவைச் சொல்லிவிடுவேன். கம்ப்யூட்டர் மட்டும் என்ன, ஆகாயத்திலிருந்து குதித்ததா என்று நினைத்ததுதான் வினை.

கிளாங் துறைமுகத்துக்குக் கையுறைப் பெட்டிகள் ஏற்றிய லோரி வாசலில் நின்றது. சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் கப்பல் போய்விடும். சரக்குச் சீட்டை அச்சடிக்க வேண்டிய ஆபீஸ் கிளார்க், எங்கள் கிராணியம்மா, பிள்ளைப்பேற்று விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்தார். பாஸ்வேர்ட் மறந்துபோய்விட்டது. அதை மாற்றித் தரும் கம்ப்யூட்டர்காரப் பெண்ணோ, தம்பி நிச்சயதார்த்தத்துக்கு ஆயர் தாவார் போயிருந்தாள்.

"போன் போடலாமா பாஸ்?" என்றார் கிராணியம்மா.

"எதுக்கு? நான் இருக்கேன்ல!"

ஆபீசில் எல்லாருடைய பாஸ்வேர்டும் ஒரே பெட்டகத்தில் இருக்கிறது, டைரக்டரி என்பார்கள். அந்தப் பெண் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டி, யாருக்கு மாற்ற வேண்டுமோ அவர் பெயரைக் கடைசியில் சேர்ப்பாள். பின்னால் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவசரத்துக்கு என்று அவளுடைய பாஸ்வேர்டையும் என்னிடம் சொல்லிவைத்திருந்தாள். அதைப் போட்டு அவள் கணக்கில் நுழைந்து, வரியைத் தட்டினேன். பெயரை விட்டுவிட்டேன். நாற்பது வருஷமாக "டயரைக் கழட்டு", "கேட்டைத் திற" என்று பொதுவாகத்தான் கத்துவேன். பக்கத்தில் இருப்பவன் செய்துவிடுவான். பெயர் சொல்லி வேலை ஏவிப் பழக்கமில்லை.

புதுப் பாஸ்வேர்ட் கேட்டது. தட்டினேன், ஓர் எழுத்தும் தெரியவில்லை. மறுபடியும் கேட்டது. இன்னும் அழுத்தித் தட்டினேன். அப்புறம் பேச்சுமூச்சு இல்லை. கிராணியம்மாவுக்கு இன்னும் திறக்கவில்லை. பழைய லோரிக்குச் செய்வதுபோல் எல்லாவற்றையும் மூடித் திறந்தேன். இப்போது எனக்கும் திறக்கவில்லை.

கடைசியில் போன் போட்டோம்.

"அலாமாக்! பேரு போடலியா பாஸ்? பேரு இல்லன்னா தட்டுறவங்க பாஸ்வேர்டுதான் மாறும். இப்ப என்னோடது மாறிப்போச்சு. புதுசா என்ன வெச்சீங்க?"

"நானே தட்டுறேன்," என்றேன். தட்டினேன். தப்பு. மறுபடியும் தப்பு.

"போதும் லா! இன்னொரு தடவ தப்பாச்சுன்னா பூட்டிக்கும். அக்கா தட்டட்டும், நீங்க சொல்லுங்க."

கிராணியம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். சீட்டுக்குக் காத்திருந்த டிரைவர் எட்டிப் பார்த்தான். போன் மேசைமேல் ஸ்பீக்கரில் சத்தமாக இருந்தது; பின்னால் நிச்சயதார்த்த வீட்டு நாதஸ்வரம்.

"லோரி ராஜா," என்றேன் மெதுவாக.

"எல்லாம் சின்ன எழுத்தா பாஸ்?" என்றார் கிராணியம்மா, முகத்தை இறுக்கிக்கொண்டு.

"ராஜாவுக்கு மட்டும் பெருசு."

டிரைவர் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தான். ஆனால் திறந்துவிட்டது. அந்தப் பெண் சொல்லச் சொல்ல, கிராணியம்மா தன் பெயரைக் கடைசியில் சேர்த்துப் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டார். சரக்குச் சீட்டு சூடாக வெளியே வந்தது.

"போய்ட்டு வாரேன் ராஜா!" என்று டிரைவர் ஹாரன் அடித்தான். திட்டுவதற்கு நேரமில்லை, நானே ஓடிப்போய் கேட்டைத் திறந்துவிட்டேன். கப்பலைப் பிடித்துவிட்டான்.

தன் பாஸ்வேர்டை அந்தப் பெண் மறுநாளே மாற்றிவிட்டாள். புதிது என்ன என்று கேட்டேன். நான்தானே முதலாளி?

"நீங்க டீ குடிங்க பாஸ்," என்றாள்.