மேடைக்கு எதிரே பிடித்த இடம்

இரண்டு வருடங்களுக்கு முன் கொழும்பில் சுதந்திர தின அணிவகுப்பு பார்க்கப் போனோம். அதுவரை அதை டிவியில்கூட முழுசாகப் பார்த்தவள் இல்லை நான். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து எடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். அந்த வருடம் மகளிர் பொலிஸ் அணியில் என் மகளும் நடந்தாள். எங்கள் தோட்டத்திலிருந்து பொலிஸுக்குப் போன முதல் பெண். விடுவேனா?

முந்தின நாளே வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் முதல் ஆளாகப் போய் மேடைக்கு நேர் எதிரே, தடுப்புக் கம்பி ஓரமாக இடம் பிடித்தோம். தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டில், கணக்கப்பிள்ளையின் கண்ணில் படுகிற மாதிரி முன்னால் நிற்பதுதான் எங்களுக்குப் பழக்கம். பெரிய ஆட்களுக்கு நேராக நின்றால் எல்லாம் நன்றாகத் தெரியும் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

பக்கத்தில் குடையோடு ஒரு சிங்கள அம்மா. மகள் வரப்போகிறாள் என்று என் வீட்டுக்காரர் அரைகுறைச் சிங்களத்தில் பெருமையடித்ததும், "இங்க நின்னா பிள்ளையோட முகம் தெரியாது, அந்த ரோட்டு வளைவுக்குப் போங்க" என்று அவர் சிங்களத்தில் சொன்னார். என் வீட்டுக்காரர் என் காதில், "அந்தம்மாவுக்கு நம்ம எடம் வேணும் போல. நகராத" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

முதலில் வந்த இராணுவ அணி மேடையை நெருங்கியதும் அத்தனை தலையும் ஒரே நேரத்தில் மேடைப் பக்கம் திரும்பியது. மரியாதை செலுத்துகிறார்களாம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பிடரிதான். அடுத்த அணியும் அப்படியே. இவ்வளவு தூரம் வந்து பெற்ற பிள்ளையின் பின்மண்டையைப் பார்த்துவிட்டா திரும்புவது?

"என்னங்க, போயிருவோம்ங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்த அந்த அம்மா குடையை மடக்கினார். "நங்கி, வாங்க" என்று தங்கச்சி முறை சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். எங்கள் இடத்தோடு சேர்ந்து அவர் இடமும் போச்சு. வளைவில் நாலைந்து வரிசை ஜனம். "பொலிஸ்ல வர்ற பிள்ளையோட அம்மா, வழி விடுங்க" என்று அவர் சிங்களத்தில் சத்தம் போட்டார். முணுமுணுத்துக்கொண்டேதான் விலகினார்கள், ஆனால் விலகினார்கள்.

பெண்கள் அணி எங்களைப் பார்த்தே வந்தது. ஓரத்தில் என் மகள். தொப்பிக்குக் கீழே அதே மூக்கு, அதே இறுக்கமான வாய். பார்வை இப்படி அப்படி அசையவில்லை. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எந்தப் பிள்ளை, எந்தப் பிள்ளை என்று கேட்டார்கள். காட்டினேன். அத்தனை பேரும் அவளுக்குக் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்புறம், மகளைச் சரியாகப் பார்க்கவில்லை என்று லிந்துலை வரும்வரை ஒரே புலம்பல்.

இது உங்கள் நாடும்தான் என்று தேர்தலுக்குத் தேர்தல் வோட்டுக் கேட்டு வருகிறவர்கள் தோட்டத்துத் தமிழர்களான எங்களிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் அதை நம்பியது அந்த ரோட்டு வளைவில், ஊர் பேர் தெரியாத ஒரு அம்மா என் கையை விடாமல் பிடித்திருந்தபோதுதான்.