மாமா வாய் திறந்த மேடு

என் அக்கா புருஷன் டவுன் பஸ் டிரைவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பது அவர் இருமினால்தான் தெரியும். அக்காவுக்குப் பார்வை இருந்தவரை இது பெரிய விஷயமாக இல்லை. முகத்தைப் பார்த்தே சமாளித்துக்கொண்டிருந்தாள். நோய் வந்து கண் போன பிறகு அந்த வீட்டில் அவளுக்கு மிஞ்சியது ஃபேன் சத்தம்தான்.

குறை சொல்லக் கூடாது, மாமா நன்றாகவே பார்த்துக்கொண்டார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குளியலறையில் விடுவார். தட்டைக் கொண்டுவந்து கையில் திணிப்பார். படி ஏறும்போது தோளைப் பிடித்துத் தள்ளுவார். எல்லாம் ஒரு வார்த்தை இல்லாமல். "என்னை மூட்டை மாதிரி ஏத்தி இறக்குறாருடா. நான் உன் வீட்டுக்கே வந்துடறேன்" என்று அக்கா ஒருநாள் அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. வந்துவிடு என்றேன்.

ஆனால் அதற்கு முன்னால் அவள் ஒரு வேலை செய்தாள். கைத்தடி பிடித்து நடக்கக் கற்றுக்கொடுத்த பயிற்சி மையத்துக்கு நிதி திரட்ட, நூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணம் ஒன்று நடக்கவிருந்தது. இரண்டு பேர் மிதிக்கிற நீளமான சைக்கிள். பார்வை உள்ளவர் முன்னால், இல்லாதவர் பின்னால். மாமாவைக் கேட்காமலே அவர் பெயரையும் கொடுத்துவிட்டாள். "கடைசியா ஒரு தடவை பார்த்துடறேன். சரிப்படலைன்னா அங்கிருந்தே உன்கூட வந்துடறேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். மாற்றுத் துணிப் பையும் என்னிடமே கொடுத்தனுப்பினாள்.

புறப்படும் இடத்தில் மையத்துப் பெண் படித்துப் படித்துச் சொன்னாள். பள்ளம், திருப்பம், பிரேக் எதுவானாலும் முன்னால் இருப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாமா தலையை ஆட்டினார். ஆட்டியதோடு சரி. நான் என் சைக்கிளில் பின்னாலேயே போனேன். முதல் வேகத்தடையிலேயே அக்கா எகிறி, திரும்ப சீட்டிலேயே விழுந்தாள். அடுத்த திருப்பத்தில் மாமா மிதிப்பதைச் சட்டென்று நிறுத்தினார். அந்தச் சைக்கிளில் ஒருவர் பெடல் நின்றால் இன்னொருவர் பெடலும் நிற்கும். அக்காவின் கால் நழுவி, கணுக்காலில் தோல் உரிந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, வாயைத் தொறந்து சொல்லுங்களேன்!"

"பஸ்ஸுல அத்தனை பேர் ஏறுறாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் பள்ளம் வருது, திருப்பம் வருதுன்னு சொல்லிக்கிட்டா ஓட்டுறேன்?"

 அக்கா ரத்தத்தைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறினாள். மற்ற ஜோடிகள் வளவளவென்று பேசிக்கொண்டே எங்களைக் கடந்துபோனார்கள். இந்தக் கல்லுளிமங்கனோடு இனி என்ன இருக்கிறது, ராத்திரி அக்காவுக்கு என் வீட்டில் கட்டில் போட வேண்டியதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கடைசியில் ஒரு மேடு. செங்குத்து இல்லை, ஆனால் போய்க்கொண்டே இருந்தது. பாதியில் சைக்கிள் தள்ளாடியது.

"மிதிக்கலையா?" என்றாள் அக்கா.

"மிதிக்கிறேன்."

"பொய் சொல்லாதீங்க. பாரம் பூரா என் காலுக்கு வருது."

மாமாவுக்குத் தொடை பிடித்துக்கொண்டுவிட்டது. இறங்கித் தள்ளலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை. "காலைப் பெடல்லேருந்து எடுத்துக்கங்க. நான் மிதிக்கிறேன். நீங்க வழியை மட்டும் சொல்லுங்க. சொல்லலைன்னா ரெண்டு பேரும் விழுவோம்."

வேறு வழியில்லாமல் மனுஷன் வாயைத் திறந்தார். "மணல்... கொஞ்சம் ஆடும்... லாரி வருது, ஓரமா போறேன்..." முதலில் ஒவ்வொரு வார்த்தையும் பல்லைப் பிடுங்குவதுபோல வந்தது. போகப் போக, கேட்காததெல்லாம் வந்தது. ஒரு மாடியில மஞ்சள் போர்வை காயுது என்றார். ஒரு நாய் நம்மளைப் பார்த்துக் கொட்டாவி விடுது என்றார். அப்புறம் அதே குரலில், "நீ எங்கயாவது விழுந்துடுவியோன்னு எனக்கு எப்பவும் பயம். அதான் இருந்த கொஞ்சப் பேச்சும் வர்றதில்ல. பள்ளம், பள்ளம்!" என்றார்.

அக்கா மூச்சிரைக்க மிதித்துக்கொண்டே அழுதாள். 

முடிகிற இடத்தில் மெடல் கொடுத்தார்கள். மாமா அக்காவுடையதை வாங்கி அவள் கழுத்தருகே கொண்டுபோனார். கை அப்படியே நின்றது.

"மெடல் போடப்போறேன். தலையைக் கொஞ்சம் குனி."

அக்கா குனிந்தாள்.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கிளம்பலாமாக்கா?" என்றேன்.

"நீ கிளம்புடா" என்றாள். "பையை அவர்கிட்ட குடு. நாங்க பஸ்ல போய்க்கறோம்."