லவ்பேர்டுக்குச் சுற்றிப் போட்டது

கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். "மேடம், யே படா ஹோ கயா. ஹாத் பே நஹீ ஆயேகா." வளர்ந்துவிட்டதாம், இனிமேல் கைக்கு வராதாம். வேண்டுமானால் குஞ்சு தருகிறாராம், கரண்டியில் ஊட்டி வளர்த்தால் மடியிலேயே கிடக்குமாம். எனக்கு வயது நாற்பத்தொன்பது. வளர்ந்தாகிவிட்டது, இனி எதுவும் படியாது என்று யாரைப் பற்றி யார் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு இதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பச்சை உடம்பும் இளஞ்சிவப்பு முகமுமாக லவ்பேர்டுக் கூட்டத்தில் ஒதுங்கி நின்றிருந்த அதை வாங்கிக்கொண்டு செம்பூருக்கு ஆட்டோ பிடித்தேன்.

வீட்டில் வரவேற்பு பிரமாதம். "இந்த வீட்ல கத்தறதுக்கு ஆள் இல்லைன்னு ஒண்ணு வாங்கிண்டு வந்தியாக்கும்?" என்றார் கணவர். அது கத்துகிற கத்தலில் அவருடைய ஆபீஸ் போன் ஒன்றும் கேட்கவில்லை. மாலையே கெடு வைத்துவிட்டார். ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். "ஒரு மாசம். அதுக்குள்ள உன் கைக்கு வரலைன்னா கடைக்கே போகட்டும்."

மாமியார் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். எழுபத்து நாலு வயதிலும் வீட்டில் அவர் சொல்தான் எடுபடும். "ஒத்தையா வாங்கிண்டு வந்திருக்கியே, ஜோடி இல்லாம ஏங்கிப் போயிடாதோ?"

"நான்தாம்மா ஜோடி."

"நன்னாயிருக்கு போ!"

கெடு என்றால் எனக்கு வேகம் வந்துவிடும். கூண்டைச் சமையலறையிலிருந்து தள்ளி, ஹாலில் கண் மட்டத்துக்கு வைத்தேன். ஐரோலி ஆபீஸுக்குக் கிளம்பும் முன் அரை மணி, வந்ததும் அரை மணி, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். முதல் வாரம் கையை நீட்டவே இல்லை. என் குரலுக்குப் பழகட்டும் என்று ஆபீஸ் மெயில்களை மெதுவாக வாசித்தேன். ஆடிட் குறைகளை இவ்வளவு அன்பாக நான் யாருக்கும் வாசித்ததில்லை. காலையில் முளைகட்டிய பயறு, கொத்தமல்லித் தழை, இரண்டு வேளை புதுத் தண்ணீர், ராத்திரி எட்டுக்கெல்லாம் அது தூங்கக் கூண்டின் மேல் பழைய வேட்டி. தினசரி காலண்டரில் கிழித்த தாளை உள்ளே போட்டால் அதை அலகால் நீளநீளமாக நறுக்கி, இடுப்பு இறகுக்குள் செருகிக்கொண்டு நடக்கும். அந்த நடையைப் பார்க்க மாடியிலிருந்தும் கீழ்வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இரண்டாம் வாரம் தினைக் கதிரோடு விரலை உள்ளே விட்டேன். தினையை விட்டுவிட்டு விரலைக் கடித்தது. லவ்பேர்ட் என்று பெயர் வைத்தவனை ஒருநாள் அதனிடம் கடி வாங்க வைக்க வேண்டும். ரத்தம் வந்தது. ஆனால் கையை இழுக்கக் கூடாது. இழுத்தால், கடித்தால் இவள் ஓடிவிடுவாள் என்று அது பாடம் படித்துக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே வைத்திருந்தேன். மாமியார் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, "நோக்கு என்னடி தலையெழுத்து?" என்றார். மறுநாள் காலை அதே விரலை மறுபடி நீட்டினேன்.

பத்தொன்பதாம் நாள் அது தினையைக் கொத்திக்கொண்டே ஒரு காலைத் தூக்கி என் விரல் மேல் வைத்தது. ஒரே ஒரு கால்தான். உடனே எடுத்துவிட்டது. நான் குதித்த குதியில் கணவர் போனை மூடிவிட்டு, "என்ன, இன்க்ரிமென்டா?" என்றார்.

இரண்டு நாளில் கதை மாறியது. கூண்டடியில் இறகு கொட்டிக் கிடந்தது. அது பந்தாக உப்பி உட்கார்ந்துகொண்டு தினையைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பில்டிங்கே வந்து பார்த்துதே, கண்ணு படாம இருக்குமா? இன்னிக்கு வெள்ளிக்கிழமை. சுத்திப் போட்டுடலாம்," என்றார் மாமியார். நான் படித்தவள், ஆபீஸில் பத்துப் பேர் வேலையில் தப்பு கண்டுபிடிக்கிறவள். இருந்தும் கூண்டைத் தூக்கிச் சமையலறைக்குக் கொண்டுபோய் நானே பிடித்துக்கொண்டேன். அவர் வரமிளகாயும் கல்லுப்பும் கடுகும் கையில் மூடி, கூண்டை மும்முறை சுற்றி, எரிகிற அடுப்பில் போட்டார். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். அன்று வந்த நெடியில் நாங்கள் இரண்டு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமினோம்.

இருமல் அடங்கிப் பார்த்தபோது அது கூண்டின் தரையில் கிடந்தது. வாய் திறந்திருந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. ஐயோ என்று கத்திக்கொண்டு கூண்டோடு படியிறங்கி ஓடினேன். மாமியார் செருப்பில்லாமல் பின்னாலேயே வந்து ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் அம்மாள் ஆக்ஸிஜன் வைத்துவிட்டு, "என்ன எரிச்சீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. இறகு உதிர்வது நோயே இல்லை, பழைய இறகு போய்ப் புது இறகு முளைக்கும் காலமாம். அந்த நாட்களில் கொஞ்சம் சோர்ந்துதான் இருக்குமாம். பறவைக்கு எந்தப் புகையும் ஆகாதாம். சாம்பிராணி கூடாதாம், மிளகாய்ப் புகையைக் கேட்கவே வேண்டாம். பிழைத்துக்கொள்ளும், ஆனால் ஏழு நாள், காலையும் மாலையும் துண்டில் இறுகப் பிடித்து அலகில் மருந்து விட வேண்டும் என்றார்.

இறுகப் பிடித்து என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று வாரமாக இந்தக் கை ஒன்றும் செய்யாது என்று சொல்லிக்கொடுத்த அதே கையால் பதினாலு முறை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கப்புறம் அது ஜன்மத்துக்கும் என்னிடம் வராது. திரும்பி வரும் ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். உயிர் பிழைத்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் துண்டை எடுத்தேன்.

மாமியார் துண்டைப் பிடுங்கிக்கொண்டார். "நீ உள்ள போ."

"அம்மா, அது கடிக்கும்."

"கடிக்கட்டும். பிடிக்கறவாளை அது வெறுக்கும், இல்லையா? என்னை வெறுத்துண்டு போகட்டும். எரிச்சது நான்தானே?"

"கூண்டைப் பிடிச்சது நான்."

"வாயாடாதே. உன் குரல்கூட அதுக்குக் கேக்கப்படாது. கதவைச் சாத்திக்கோ."

ஏழு நாளும் அப்படித்தான் நடந்தது. மருந்து வேளை வந்தால் நான் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பேன். வெளியே அது அலறும். "ஆச்சுடா ராஜா, ஆச்சு, ஆச்சு" என்று மாமியார் குரல் கேட்கும். கணவர் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுப்பார். மாமியார் விரல்களில் பிளாஸ்திரி கூடிக்கொண்டே போனது. "ஒண்ணும் இல்லை, கறிகாய் நறுக்கினேன்" என்பார். அந்த வாரம் கறிகாய் நறுக்கியது நான்.

நாலாம் நாளே தினை சாப்பிட ஆரம்பித்தது. ஏழாம் நாள் பழைய கத்தல் திரும்பிவிட்டது. ஆனால் மாமியார் புடவைத் தலைப்பு தெரிந்தாலே கூண்டின் மூலைக்குப் பறந்து கம்பியில் மோதியது. அவர் ஹாலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். டிவி சீரியலையும் விட்டுவிட்டார். கெடுவுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது என்று நான் சொன்னபோது கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "மாசத்துக்கு எத்தனை நாள்னு நான் சொன்னேனா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூண்டுக் கதவைத் திறந்து, கையை வாசலில் நீட்டினேன். மாமியார் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குக்கரைக்கூட அணைத்துவிட்டார். தினை கொடுக்கவில்லை. ஆசை காட்டாமல் வருகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அரை மணி ஆனது, தோள் மரத்துப் போனது. நான் கையை எடுக்கவில்லை. அது பக்கவாட்டில் நகர்ந்து வந்தது. விரலை ஒரு கடி கடித்துப் பார்த்தது. ஒரு காலை வைத்தது. பிறகு இன்னொரு காலையும் வைத்து, என் விரலில் ஏறி நின்று இறகை ஒரு முறை உதறியது. எனக்குக் கண்ணீர் கொட்டியது, துடைக்க மற்றக் கையை அசைக்கப் பயம்.

கதவுக்குப் பின்னாலிருந்து ரகசியம் மாதிரி குரல் வந்தது. "வந்துடுத்தா?"

"வந்துடுத்தும்மா. ரெண்டு காலும் வெச்சுடுத்து. வந்து பாருங்கோ."



"வேண்டாம்மா. நான் வந்தா அது எறங்கிடும்."